ஊரிகம் மேட்டில் பாடிய அடி

போன ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் நீங்கள் நாலு பேரும் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். மேஜையைத் தட்டித் தாளம் போட்டு, ஊரிகம் மேட்டுப் பாட்டில் தெரிந்த அடிகளைப் பாடி, தெரியாத இடத்தைத் தன்னானே போட்டு நிரப்பினீர்கள். "டேய், வண்டிக்காரப் பாட்டெல்லாம் உன் நோட்டுலதானே கீது? எழுதிக் குடு, அச்சுக்கு அனுப்பலாம். இதுதான் மொதப் பாட்டு" என்றீர்கள். நானும் சிரித்தபடி தலையாட்டிவிட்டு வந்தேன்.

மூன்று நாளாகப் பேனாவை எடுக்கிறேன், வைக்கிறேன். பாட்டு எப்படிப் பிறந்தது என்று முதலில் எழுதாமல் பாட்டை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. ஆகவே இதைப் படியுங்கள். படித்த பிறகு என்னோடு பேசுவதும் பேசாததும் உங்கள் இஷ்டம்.

நம்மில் யாருக்கும் இன்னும் முப்பது ஆகவில்லை. இருந்தாலும் கிழவர்களைப் போல "அந்தக் காலத்துல" என்று ஆரம்பிக்கும் உரிமை நமக்கு உண்டு. நாம் சிறு பிள்ளைகளாக ஓடித் திரிந்த இடம் இப்போது எங்கே இருக்கிறது? ராபர்ட்சன்பேட்டை அப்போது முளைக்கவே இல்லை. ஊரிகத்துக்கு ரயிலும் இல்லை. சீமையிலிருந்து வருகிற இயந்திரமெல்லாம் பௌரிங்பேட்டை ஸ்டேஷனோடு நின்றுவிடும். அங்கேயிருந்து ஊரிகம் தங்கச் சுரங்கம் வரைக்கும் மாடுதான்.

சின்னச் சாமான் என்றால் ஒரு வண்டி போதும். பாய்லர் வந்தால்தான் கூத்து. எட்டுச் சக்கர இரும்பு வண்டியில் அதைக் கிடத்தி, முன்னால் கனத்த சங்கிலி கட்டி, முப்பது ஜோடி மாடு பூட்டுவார்கள். தலைஜோடி ஒரு திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டிருக்கும். பாய்லர் அந்தத் திருப்பத்துக்கே வந்திருக்காது. வண்டிக்காரர்கள் அதைப் பாய்லர் என்று சொல்லமாட்டார்கள். சட்டி என்பார்கள். "இன்னிக்குச் சட்டி கெளம்புதாம்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சோறு இறங்காது.

என் அப்பா வண்டி மேஸ்திரி. மாடு, சங்கிலி, ஆள், எல்லாம் அவர் பொறுப்பு. எனக்குப் பதின்மூன்று வயதான கோடையில், பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த சமயத்தில், எல்லாவற்றிலும் பெரிய சட்டி ஒன்று வந்தது. அது ஒரு நாளைக்கு ஒரு மைல் போனால் அதிகம். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகிறேன் என்று காலையில் கிளம்புவேன். பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவேன். இடுப்பில் ஒரு நோட்டுப் புத்தகம் செருகியிருக்கும். பாட்டு எழுதிக்கொள்ளத்தான்.

அந்த வாசனை எனக்கு இன்னும் போகவில்லை. விளக்கெண்ணெயில் கரி குழைத்த வண்டி மை, மாடுகளின் வாயில் ஒழுகும் பச்சை நுரை, வெயிலில் சுட்ட இரும்பு. சங்கிலி இறுகும்போது ஒரு சத்தம் வரும், யாரோ பல்லைக் கடிப்பது போல. வயிற்றுக்குள் கேட்கும் அது.

முப்பது ஜோடியும் ஒரே மூச்சில் இழுத்தால்தான் சட்டி அசையும். பத்து ஜோடி முந்தி, பத்து ஜோடி பிந்தினால் சங்கிலி அறும், இல்லாவிட்டால் மாட்டுக் கழுத்து ஒடியும். ஒரே மூச்சில் இழுக்க வைப்பதற்குச் சாட்டை உதவாது. பாட்டுத்தான் உதவும். அதற்காகவே தலைஜோடிக்கு ஒரு பாட்டுக்காரர் இருந்தார். ஆம்பூர்ப் பக்கத்து மனிதர். நான் பாட்டுக்கார மாமா என்று கூப்பிடுவேன்.

எட்டு வயதிலிருந்து அவர் சந்தைக்குச் சந்தை மாடு ஓட்டிப் போனவர். திறந்தவெளியில் மந்தையைக் கிடத்தினால், மிரளாமல் இருக்க மனிதக் குரல் ஒன்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமாம். அதற்காகப் பாட ஆரம்பித்தவர். "நான் மாட்டுக்குத்தான்டா பாடினேன். நடுவுல மனுசன் பூந்து கேட்டுட்டான்" என்பார். தொண்டை கரகரக்கும். பாடும்போது இடது கையைக் காதில் குவித்துக்கொள்வார், வேறு யாரோ பாடுவதைக் கேட்கிறவர் போல. தலைஜோடியான செவலையும் மயிலையும் அவருடைய சொந்த மாடுகள். உலகத்தில் அவருக்கு இருந்ததும் அவைதான்.

நடந்துகொண்டே பாடுகிற பாட்டை யாரும் பாடலாம், நாமும் சேர்ந்துகொள்ளலாம்:

செவலைக்குப் புண்ணாக்கு, மயிலைக்குப் பருத்திக்கொட்டை,
எனக்கு மட்டும் கஞ்சித்தண்ணி, நான் இன்னா எளப்பமா?
சீமையில செஞ்ச சட்டி, சோறு வேவாத சட்டி,
எட்டு மைலு இழுக்குறோமே, எவன் பசிக்கு அந்தச் சட்டி?

எஞ்சினீயர் துரை குதிரையில் பக்கத்தில் வரும்போது இதை இன்னும் உரக்கப் பாடுவார்கள். அர்த்தம் தெரியாமல் துரையும் தலையசைப்பார்.

ஆனால் இழுக்கச் சொல்லும் அடி வேறு. அதற்கு இழுப்பு என்று பெயர்:

தாய் ஏறின மேடுடா… தாத்தன் ஏறின மேடுடா…
எஞ்சாமி செவலே… ஏத்து!

முதல் சொல்லிலேயே தலைஜோடி நுகத்தில் தோளை வைக்கும். 'ஏத்து' என்ற சொல்லை அடுத்த வண்டிக்காரன் வாங்கி அடுத்தவனுக்குக் கொடுப்பான். கண் மூடித் திறப்பதற்குள் முப்பது வாய்க்கும் போய்விடும், அறுபது மாடும் பாயும். இழுப்பை அவர் ஒருவரைத் தவிர யாரும் பாடக்கூடாது. விளையாட்டுக்குக்கூடக் கூடாது, வாய்க்குள் முணுமுணுக்கவும் கூடாது. ஏனென்றால், சட்டி நின்றிருக்கும்போது சக்கரத்துக்கு முன்னால் குனிந்து கல் பொறுக்குவதும் பலகை போடுவதும் அவர் வேலை. மேடேறும்போது சக்கரத்துக்குப் பின்னால் முட்டுக்கட்டை கொடுத்திருப்பார்கள், பின்னால் உருளாது. முன்னால் உருள வேண்டுமானால் அவர் வாயைத் திறக்க வேண்டும். "எங்கழுத்து எங்கைல இல்லடா, எந்நாக்குல கீது. அதனாலதான் பயமில்லாம குனியறேன்" என்று எனக்கே ஒரு நாள் சொன்னார். அந்த அடியை நான் நோட்டில் எழுதிக்கொள்ள விட்டார். "எழுது. வாயால வேணாம்" என்றார்.

அவருக்குச் சோடியாக இன்னொரு பாட்டுக்காரர் உண்டு. குப்பத்துத் தெலுங்கர். அவர் எனக்குத் தெலுங்கு மாமா. இரண்டாவது ஜோடி அவருடையது. தோப்பில் வண்டி அவிழ்த்துப் போட்டு உலை கொதிக்கும் நேரத்தில் இரண்டு பேருக்கும் பாட்டுச் சண்டை நடக்கும். நாற்பது பேர் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள்.

"குப்பத்தான் பாட்டுக் கேட்டு எங்கூட்டு எருமை கன்னு போட மறந்துட்டுது" என்பார் ஆம்பூரார்.

"உம்பாட்டக் கேட்டுதான் எங்கூர் ஏரி வத்திப் போச்சு. கரகரன்னு உறிஞ்சிட்டியே!" என்பார் தெலுங்கர்.

சண்டை முடிந்ததும் ஒரே புகையிலையை இரண்டாகக் கிள்ளிப் போட்டுக்கொள்வார்கள். தெலுங்கு மாமா எப்போதாவது தெலுங்கில் ஒன்று பாடுவார். அதற்கு மட்டும் யாரும் சிரிக்கமாட்டார்கள். "இன்னா மாமா அர்த்தம்?" என்று கேட்டேன். "செத்துப்போன மாட்டுக்குப் பாடினது, பாபு. அர்த்தம் கேக்காதே. எழுதிக்க வேணும்னா எழுதிக்கோ" என்றார். தெலுங்கு எழுத்து தெரியாததால் தமிழில் எழுதிவைத்தேன். சரியாக எழுதினேனா என்று யாரிடமும் கேட்டதில்லை.

ஒரு சாயங்காலம் தெலுங்கு மாமா தோற்றுப் போனார். எல்லாரும் கைகொட்டிச் சிரித்தபோது எழுந்து நின்று, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "சிரிங்க, சிரிங்க. நாளைக்கு இவன் செவலையே எம்பாட்டுக்கு நடக்கும், பாருங்க!" என்றார். அது வெறும் வாய்ப்பேச்சு. ஆம்பூராரே விழுந்து விழுந்து சிரித்தார்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கோடையில்தான் எனக்குத் தொண்டை உடைந்தது. நீங்களெல்லாம் "தவளை" என்று கூப்பிட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்குத் தவளையாகக் கேட்டது எனக்கு ஆம்பூராரின் கரகரப்பாகக் கேட்டது. ஏரிக்கரைக்குப் போய், இடது கையைக் காதில் குவித்துக்கொண்டு, தினமும் பாடிப் பழகினேன். நடைப்பாட்டு பாடினேன். இழுப்பும் பாடினேன். தண்ணீருக்குத்தானே பாடுகிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாதி அடியில் குரல் கீச்சென்று ஏறிவிடும். மறுபடி பாடுவேன்.

தெலுங்கு மாமா தோற்ற மறுநாள் சட்டி ஊரிகம் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பாதையில் ஒரு பாறையைச் சுற்றித் திருப்பம் உண்டு. தலைஜோடி திருப்பத்தைத் தாண்டி நின்றது. முன்சக்கரம் இளகின மண்ணில் இறங்குகிறது என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. ஆம்பூரார் மூக்கணாங்கயிற்றைத் தெலுங்கு மாமா கையில் கொடுத்து, "இந்தா, என் புள்ளைங்களப் பாத்துக்கோ. பலகை போட்டுட்டு வரேன்" என்று பின்னால் போனார். பாறை அவரை மறைத்துவிட்டது. முன்னால் இருந்தது தெலுங்கு மாமாவும் நானும் மட்டுந்தான்.

நல்ல வெயில். மாடுகள் அசைபோட்டுக்கொண்டு நின்றன.

"ஏன்டா பாபு, புஸ்தகம் பூரா எழுதிகினியே, வாயில வருமா?" என்றார் அவர்.

"வரும் மாமா."

"எங்க, நடைப்பாட்டு பாடு பாக்கலாம். மாட்டுக்கும் பொழுது போவும்."

பாடினேன். சோறு வேகாத சட்டியைப் பாடினேன். செவலை காதை என் பக்கம் திருப்பியது. தெலுங்கு மாமா தொடையில் அடித்துக்கொண்டார். "அட! கண்ண மூடிகினா அவனேதான்! அந்தக் கரகரப்ப எங்கடா வாங்கினே, சந்தையிலியா?" என்றார். சொல்லிவிட்டு, கயிற்றைக் கையில் பிடித்தபடியே மயிலையின் குளம்பில் ஏதோ முள் தைத்திருக்கிறது என்று குனிந்தார்.

நினைக்காமல் வாயில் வந்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அது பொய். நினைத்தேன். ஒரு அடிதானே, மெதுவாகத்தானே, எனக்கெல்லாம் மாடு கேட்குமா என்று நினைத்தேன். கேட்டால் எப்படி இருக்கும் என்றும் நினைத்தேன். இடது கையைக் காதில் குவித்தேன். தாய் ஏறின மேடுடா என்று எடுத்தேன். ஏரிக்கரையில் ஒவ்வொரு தடவையும் உடைந்த குரல் அன்றைக்கு உடையவில்லை.

செவலை தோளை வைத்தது. நான் 'எஞ்சாமி செவலே' வரைக்கும்தான் வந்தேன். 'ஏத்து' என்று நான் சொல்லவே இல்லை. பின்னால் பாறைக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் சொன்னார்கள். எத்தனை வருஷம் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறேன் தெரியுமா? நான் சொல்லவில்லை, அவர்கள்தான் சொன்னார்கள்!

"ஆ! ஆ! நில்லு!" என்று தெலுங்கு மாமா கயிற்றை இழுத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயின மாடுகள். சங்கிலி பல்லைக் கடித்தது. இரண்டடி, மூன்றடி. அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல், "கால்! கால்!" என்று.

முதலில் ஓடி வந்தவர் அப்பா. அவர் பின்னால் வண்டிக்காரர்கள்.

"எவன்டா பாடினது?"

"முன்னாலேருந்துதான் வந்துது மேஸ்திரி. அவரு குரலாட்டமே இருந்துது. அவரு மாட்டுக்கு அந்தாண்ட பக்கமாத் திரும்பி வந்துட்டாருன்னு நெனச்சிகினு ஏத்துன்னோம்."

"அவுரு சக்கரத்துக்குக் கீழ கெடக்குறாரு. அவுராட்டம் பாடறதுக்கு இந்த ரோட்டுல இன்னொருத்தன்தான் கீறான்" என்றான் ஒருவன். "நேத்து சொன்னான் இல்ல, செவலைய நடக்க வெக்கிறேன்னு!"

எல்லாரும் தெலுங்கு மாமாவைப் பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. மேஸ்திரி மகன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை, இடுப்பில் நோட்டு.

"நான் பாடலே" என்றார் அவர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. படுத்த மாடு எழுந்திருக்கட்டும் என்று பக்கத்தில் நிற்பவன் பார்ப்பானே, அப்படிப் பார்த்தார். நான் செவலையின் மூக்கணாங்கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் சாணி ஒட்டியிருந்தது. காய்ந்த சாணி.

அப்பா அவரை ஓங்கி அறைந்தார். தலைப்பாகை மண்ணில் விழுந்து அவிழ்ந்தது.

"நான் பாடலே மேஸ்திரி. கயிறு என் கையில இருந்துது, அதுக்கு அடிங்க. பாடினதுக்கு அடிக்காதீங்க."

அதற்கப்புறம் நான் வாங்கின பேருதான் நல்ல பேரு! வாய்விட்டு அழுதேன். அப்பா என்னை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டார். "பாருங்கடா. பச்ச மண்ணு. ரத்தத்தப் பாத்து எப்பிடி அழுவுது! இதுக்கு இருக்குற மனசு உனக்கு இல்லியேடா பாவி" என்று அவரைப் பார்த்துச் சொன்னார். வீட்டில் அம்மா எனக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். பயந்த பிள்ளைக்கு என்று வெல்லம் போட்டுக் கேழ்வரகு அடை தட்டிக் கொடுத்தாள். தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

பாட்டுக்கார மாமாவுக்கு வலது பாதம் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அப்பா என்னைக் கூட்டிப் போனார். "பாட்டு எழுதுவானே, இவனப் பாத்தா உனக்கு ஆறுதலா இருக்கும்" என்று உட்காரவைத்துவிட்டு வெளியே பீடி குடிக்கப் போனார்.

மாமா என் கையைப் பிடித்தார். "நீ அங்கதானேடா இருந்தே? அவன்தானே?"

தலையை அசைத்தேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, எந்தப் பக்கமும் சேராத ஓர் அசைப்பு. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். என் கையை விட்டுவிட்டு நோட்டைக் காட்டினார். அப்புறம் "எழுது" என்றார்.

ஊரிகம் மேட்டுல ஒத்தக் காலு விட்டேன்,
ஒறவுன்னு நம்பித்தான் கயித்தக் கையில் விட்டேன்,
தேன் தடவிப் பேசுவான் தெலுங்குக் கூட்டாளி,
தேள் கொடுக்கு தெரியாம ஏமாந்தேன் ஏமாளி.
சக்கரம் ஏறலடா சாமி என் கால்மேல…

அங்கே நின்றுவிட்டார். இரண்டு தடவை, மூன்று தடவை அதே அடியைச் சொல்லிப் பார்த்தார். மேலே ஓடவில்லை. நான் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது! அடுத்த அடி எனக்குத் தெரிந்துவிட்டது! பரீட்சையில் விடை தெரிந்த பிள்ளை கையைத் தூக்காமல் இருப்பானா? சொன்னேன்:

கூட்டாளி நாக்குதான் ஏறிச்சு கால்மேல!

அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கால் போன பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றுதான் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். "எங்கடா புடிச்சே அந்த அடிய? எங்க புடிச்சே?" என்று என் தலையைப் பிடித்து ஆட்டினார்.

எங்கே பிடித்தேன் என்று எனக்குத் தெரியாதா?

நீங்கள் மேஜையை ஓங்கித் தட்டுவது சரியாக அந்த அடியில்தான். அது ஆம்பூரார் கட்டியது என்று சொல்லி மெச்சுகிறீர்கள். அது நான் கட்டியது. அதில் பொய்யும் இல்லை. ஒரு நாக்குத்தான் ஏறியது. யாருடைய நாக்கு என்பதை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

பாட்டு ஆஸ்பத்திரியை விட்டு அவருக்கு முன்னால் வெளியே வந்துவிட்டது. நான் படியெடுத்துப் பள்ளிக்கூடத்தில் காட்டினேன்; கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று வாத்தியார் சுவரில் ஒட்டினார். வண்டிக்காரர்கள் வழியெல்லாம் பாடினார்கள். தெலுங்கு மாமாவோடு பூட்ட ஒருவரும் வரவில்லை. தன் ஜோடியை ஓட்டிக்கொண்டு குப்பத்துக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நிம்மதியாக இருந்தது எனக்கு. இதையும் எழுதத்தானே வேண்டும்.

அப்புறம் ரயில் வந்தது. முப்பது ஜோடியும் கலைந்து போயிற்று. அப்பாவும் காலமானார், என்னை இரக்கமுள்ள பிள்ளை என்றே நம்பிக்கொண்டு. வண்டிப் பாட்டெல்லாம் மறந்துபோயிற்று. இந்த ஒரு பாட்டு மட்டும் ஷாப்ட் என்கிற சுரங்கக் குழி வழியாகக் கீழே இறங்கிவிட்டது. சம்மட்டி அடிக்கிறவர்கள் அதற்குத் தாளம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். நல்ல பாட்டு. கெட்ட பாட்டாக இருந்திருந்தால் என்றைக்கோ செத்திருக்கும்.

மூன்று வாரத்துக்கு முன் ராபர்ட்சன்பேட்டைச் சந்தையில் புளி விற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவரைப் பார்த்தேன். தலைப்பாகை கட்டின விதத்திலேயே தெரிந்துவிட்டது. பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, நான் இன்னார் என்று சொன்னேன். அப்புறம் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பதினைந்து வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்தது. சொல்லி முடித்தால் அழுவார், இல்லாவிட்டால் அடிப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் ஒரு அம்மாளுக்குப் புளி நிறுத்துக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் சொல்லி முடிச்சியா?"

"முடிச்சேன் மாமா."

"நீ பாடினது எனக்குத் தெரியாதா? ஒரு கஜம் தள்ளிதானே குனிஞ்சிகினு இருந்தேன். தெரிஞ்சவன்கிட்ட வந்து சொல்றதுக்கா பாபு இத்தினி வருசம்?"

"அன்னிக்கு ஏன் மாமா எம்பேரச் சொல்லல?" என்று கேட்டேன்.

"நான் சொன்னா உங்கப்பன் நம்பமாட்டான். நம்பினா உன்னக் கொன்னுடுவான். நீயே சொன்னா, அழுதுகினே சொன்னா, உட்டுடுவான். அதான் உன்னப் பாத்துகினு நின்னேன்." புளியில் ஒட்டியிருந்த ஒரு கொட்டையைப் பிடுங்கி எறிந்தார். "சரி, அது போவட்டும். எம்மவன் இப்ப இங்க ஷாப்ட்ல வேலைக்கு வந்துகீறான். ஆள எறக்குற கேஜ்ல அவன் ஏறினா மத்தவன் எறங்கிப் போறான். நாக்குக்காரன் மவன்னு பேரு வெச்சிகீறாங்க. ஏத்தவும் எறக்கவும் அடிக்கிற பெல்லுமேல இவன் கை பட்டா கேஜு எங்க போவுமோன்னு பயமாம். கூட நிக்க ஆள் இல்லேன்னா இந்த மாசத்தோட வேலை இல்லேன்னு ஷாப்ட் மேஸ்திரி சொல்லிட்டான். நீ சொல்லணும்னா அவங்ககிட்டப் போய்ச் சொல்லு. ஆம்பூரான்கிட்டப் போய்ச் சொல்லு. எனக்கு எதுக்கு?"

போனேன். இதோ, போன சனிக்கிழமை போனேன். பாட்டுக்கார மாமா அதே ஷாப்டில் கேட் வாட்ச்மேனாக இருக்கிறார். மரக்கால் கட்டியிருக்கிறார். பகல் ஷிப்ட் மாறுகிற நேரம். கீழே இறங்கப்போகிறவர்கள் கேட்டில் வரிசையாக நின்றிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவருக்குத் தாங்கவில்லை. "வாடா வாத்தியாரே! டேய், இவன் யாருன்னு தெரியுமா? எம்பாட்டெல்லாம் எழுதிவெச்சவன்!" என்று கூவினார். "மாமா, ஒண்ணு சொல்லணும்" என்றேன். "அப்பால சொல்லு. மொதல்ல பாட்டு!" என்று இடது கையைக் காதில் குவித்தார்.

வரிசை முழுக்கச் சேர்ந்து பாடியது. ஒரே ஒரு பையன் பாடவில்லை. இருபது வயதிருக்கும். அவனுக்கு முன்னால் ஒரு ஆள் நிற்கிற இடம் காலி, பின்னால் ஒரு ஆள் நிற்கிற இடம் காலி. அவன் தன் விளக்குத் திரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சக்கரம் ஏறலடா சாமி என் கால்மேல" என்று பாடி நிறுத்திவிட்டு, மாமா என் பக்கம் கையை நீட்டினார். "அடுத்த அடி இவன் குடுத்தது! இவனே சொல்லட்டும்!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பையனும் நிமிர்ந்து பார்த்தான்.

நான் பாடினேன். முழு அடியையும் பாடினேன். கைதட்டினார்கள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மணி அடித்தது, கேஜ் வந்தது. பையனோடு யாரும் ஏறவில்லை. அவன் அடுத்த கேஜுக்காக நின்றான். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் வாசகசாலையில் நீங்கள் மேஜையைத் தட்டினீர்கள்.

நான் கேட்பது இதுதான். இதை வாசகசாலையில் வைத்து வாசிக்காதீர்கள், அச்சுக்கும் அனுப்பாதீர்கள். மாதம் முடிய இன்னும் ஒரு சனிக்கிழமைதான் இருக்கிறது. அன்றைக்கு ஷிப்ட் மாறும்போது நாலு பேரும் அந்தக் கேட்டுக்கு வாருங்கள். உங்களில் குரல் பெரிதானவன் யாரோ அவன், இதை முதலிலிருந்து கடைசி வரைக்கும் உரக்க வாசிக்கட்டும். மாமாவுக்கு எழுத்து தெரியாது. அவர் காதில் விழும்படி வாசியுங்கள். என்னை வாசிக்கச் சொல்லாதீர்கள். நடுவில் நிறுத்திவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். யாராவது பாட்டை எடுத்தாலும் நிறுத்தாதீர்கள்.

நான் ஓடமாட்டேன். வரிசையில் அந்தப் பையனுக்கு முன்னால் காலியாக விடுகிறார்களே, அந்த இடத்தில் நிற்கிறேன்.